ஆதி மனிதனுக்குப் பெயர் சூட்டியவர் யார்?

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் எளிய செயல்போலத் தோன்றும். ஆனால் பெயரிடுகிறவர் யார், எந்த அதிகாரத்தோடு இடுகிறார், அப்பெயரால் நன்மை அடைபவர் யார் என்னும் வினாக்களை எழுப்பியவுடன் அந்த எளிமை மறைந்துவிடுகிறது. நமது ஊர்களிலே ஒருவரைக் 'கந்தர்' என்றும் இன்னொருவரைக் 'கந்தன்' என்றும் அழைத்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 'அர்' விகுதியா, 'அன்' விகுதியா என்பதிலேயே ஒரு சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதும் அடங்கிக் கிடந்தது. உயிரோடு நடமாடிய மனிதனின் பெயரிலே இத்துணை வரலாறு பொதிந்திருக்குமாயின், இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மடிந்து மண்ணிற் புதைந்த ஆதி மனிதர்களுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர்களில் மட்டும் வரலாறு இராது என்று கருதுதல் பொருந்துமா?

அப்பெயர்களுள் ஒன்றை எடுத்து, அது பிறந்த விதத்தையும், அதன் பின்னே நின்ற சக்திகளையும், இன்று அதைப்பற்றி எழுந்துள்ள வாதத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுரங்கத்திற் கிடைத்த மண்டையோடு

1921ஆம் ஆண்டு யூன் மாதம் 17ஆந் திகதி. அக்காலத்தில் வட றொடீசியா என வழங்கிய ஆபிரிக்க நாட்டிலே, புறோக்கன் ஹில் என்னும் இடத்தில் ஈயமும் துத்தநாகமும் அகழும் சுரங்கத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. தொம் சுவிக்லார் என்ற சுவிற்சர்லாந்துக்காரரும் அவரோடு நின்ற ஓர் ஆபிரிக்கத் தொழிலாளியும் மண்ணை வெட்டியபோது ஒரு மண்டையோடு வெளிப்பட்டது. புருவ எலும்புகள் தடித்துப் புடைத்திருந்தன. நெற்றி பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. மேற்பற்கள் பலவற்றிற் சொத்தை விழுந்திருந்தது. மூளை இருந்த குழியின் கொள்ளளவோ ஏறக்குறைய 1,280 கன சென்ரிமீற்றர். இன்றைய மனிதரின் சராசரியை நெருங்கும் அளவு அது.

சுரங்கக் கம்பனி அம்மண்டையோட்டை இலண்டனிலுள்ள பிரித்தானிய அரும்பொருட்சாலைக்கு 'அன்பளிப்பு'ச் செய்தது. அவ்வாண்டே அங்கு பணிபுரிந்த ஆர்தர் ஸ்மித் வூட்வார்ட் என்னும் அறிஞர் அதற்கு 'ஹோமோ றொடீசியென்சிஸ்' எனப் பெயர் சூட்டி உலகுக்கு அறிவித்தார். 'றொடீசியா மனிதன்' என்பது அதன் பொருள். றொடீசியா என்பதோ அம்மண்ணின் மக்கள் தம் நாட்டுக்கு இட்ட பெயரன்று. சுரங்கச் செல்வராகவும் ஏகாதிபத்தியத்தின் தளகர்த்தராகவும் விளங்கிய சிசில் றோட்சின் பெயரால் வழங்கிய பெயர் அது. மண்டையோடு கிடைத்த ஆண்டிலே அந்நாட்டை ஆண்டது பிரித்தானிய அரசுகூட அன்று. றோட்ஸ் நிறுவிய பிரித்தானியத் தென்னாபிரிக்கக் கம்பனியே ஆண்டது. அதன் ஆட்சி 1924ஆம் ஆண்டுவரை நீடித்தது.

1902இல் இறந்த ஒரு கம்பனி முதலாளியின் பெயரை, ஏறக்குறைய மூன்று இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மனிதன் தாங்கவேண்டி வந்தது இவ்வாறுதான். அகழ்ந்தெடுத்தபோது உடனின்ற ஆபிரிக்கத் தொழிலாளியின் பெயரையோ எவரும் குறித்துவைக்கவில்லை. ஒரே நாளில் ஒரே குழியினின்றும் தோன்றிய கதையிலே கம்பனி முதலாளி நிலைபெற்றார், உழைத்தவன் மறைந்தான்.

பெயரிடும் முறை

ஈண்டு, உயிர்களுக்குப் பெயரிடும் முறை யாது என்பதைச் சிறிது நோக்குதல் அவசியம். சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட தமது நூலின் பத்தாம் பதிப்பிலே ஒவ்வொரு விலங்கினத்துக்கும் இரு சொற்களாலான பெயரை வழங்கினார். முதற்சொல் சாதியைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்து இனத்தைக் குறிக்கும். ஹோமோ என்பது சாதி. ஹோமோ சேப்பியன்ஸ் என்பது நமது இனம். அந்நூல் வெளிவந்த ஆண்டே விலங்குகளின் விஞ்ஞானப் பெயர்களுக்குத் தொடக்க ஆண்டாக இன்றும் கொள்ளப்படுகின்றது.

இம்முறைக்கு இரண்டு தூண்கள் உண்டு. ஒன்று, முந்துரிமை. ஓரினத்துக்கு இருவர் இரு பெயர்களை இட்டிருப்பின் முந்தி வெளியிடப்பட்ட பெயரே நிலைக்கும். மற்றது, மாதிரி. ஒவ்வொரு பெயரும் ஒரு குறிப்பிட்ட உடலோடு, அல்லது எலும்போடு, பிணைக்கப்பட்டிருக்கும். அந்த மாதிரி அவ்வினத்திற் சிறந்ததாகவோ சராசரியானதாகவோ இருத்தல் வேண்டுவதில்லை. பெயரைத் தொங்கவிடுவதற்குச் சுவரில் அறைந்த ஆணி அது, அவ்வளவே. நமது இனத்துக்கு அத்தகைய ஆணி நெடுங்காலம் இருக்கவில்லை. 1959இல் வில்லியம் ஸ்டேர்ன் என்னும் பிரித்தானிய அறிஞர், உப்சாலாப் பேராலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டிருக்கும் லின்னேயசையே மனித இனத்தின் மாதிரியாகக் கொள்ளலாம் என எழுதினார்.

இந்த இரு தூண்களும் இல்லாவிடில், ஒரு நாட்டறிஞர் கூறுவதை இன்னொரு நாட்டறிஞர் விளங்கிக்கொள்ள இயலாது. ஆதலால் முறை தீயதன்று. முறையை யார் கையாண்டனர், எந்த உள்ளத்தோடு கையாண்டனர் என்பதிலேதான் வினா எழுகின்றது.

நமது மொழியும் இதில் விலக்கன்று. இலங்கைப் பாடநூல்களிலே உயிர்களைப் பாகுபடுத்தும் படிகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடியவர்கள் ஒரு படிக்கு 'வருணம்' என்றும், இன்னொன்றுக்குச் 'சாதி' என்றும் பெயர் வைத்தனர். அறிவுலகம் முழுவதிலும் உள்ள பாகுபாட்டை மொழிபெயர்க்க முற்பட்டபோது அவர்கள் கைக்கு முதலில் அகப்பட்டவை நமது சமுதாயத்தைப் பிளந்த சொற்களே. ஆயினும் ஒன்றை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். உயிரியலிற் சாதி என்பது உறவைக் குறிக்குமேயன்றி உயர்வு தாழ்வைக் குறிக்காது. ஒரு சாதியைச் சேர்ந்த இனங்கள் யாவும் ஒரே மூதாதையின் வழிவந்தவை. அவற்றுள் மேலுமில்லை, கீழுமில்லை. இந்த உண்மையை மறந்தபோதெல்லாம் விஞ்ஞானம் தானே ஏமாந்தது.

தரவரிசை புகுந்த விதம்

மறதி தொடக்கத்திலேயே நேர்ந்தது. மனிதனைக் குரங்குகளோடு ஒரே வருணத்தில் வைத்த துணிவு லின்னேயசுக்கு இருந்தது. அது பெரும் புரட்சியே. ஆனால் அதே 1758ஆம் ஆண்டு நூலில் மனிதரை அவர் கண்டவாரியாகவும் நிறவாரியாகவும் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் குணங்களையும் கற்பித்தார். ஐரோப்பியர் சட்டத்தால் ஆளப்படுவோர் என்றும், அமெரிக்கப் பழங்குடியினர் வழக்கத்தாலும், ஆசியர் அபிப்பிராயத்தாலும், ஆபிரிக்கர் மனம்போன போக்காலும் ஆளப்படுவோர் என்றும் அவர் வகுத்தார். பூக்களின் மகரந்தக் கேசரங்களை எண்ணி வகைப்படுத்திய அதே கை, மனிதரை எண்ணத் தொடங்கியபோது அடிமை வாணிபம் செய்த ஐரோப்பாவின் கண்ணாடியை அணிந்துகொண்டது.

இதன் விளைவு யாது என்பதை 20ஆம் நூற்றாண்டின் இரு நிகழ்ச்சிகள் காட்டும். 1912ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் பில்ட்டவுன் என்னும் ஊரிற் கிடைத்ததாகக் கூறப்பட்ட எலும்புகள் இலண்டனிற் காட்டப்பட்டன. மூளை பெரியது, தாடையோ குரங்கினுடையது. மனிதன் முதலில் மூளையால் உயர்ந்தான், அதுவும் இங்கிலாந்திலே உயர்ந்தான் என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டுமா? அதற்கு 'இயோஅந்துரோப்பஸ் டோசனி' எனப் பெயர் சூட்டியவர் வேறெவருமல்லர்; ஒன்பது ஆண்டுகளின் பின் றொடீசியா மனிதனுக்குப் பெயரிட்ட அதே ஸ்மித் வூட்வார்ட்தான்.

1925ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில், தென்னாபிரிக்காவில் இருந்த ரேமன்ட் டார்ட் இன்னொரு செய்தியை வெளியிட்டார். தவுங் என்னும் இடத்துச் சுண்ணக்கற் சுரங்கத்தினின்றும் வந்த ஒரு குழந்தையின் மண்டையோடு அது. மூளை சிறியது, ஆயின் தலை நிமிர்ந்த உடலின்மேல் அமர்ந்திருந்தமைக்கு அடையாளம் இருந்தது, பற்கள் மனிதரவற்றை ஒத்திருந்தன. மூளை பெரிதாகு முன்னரே மனிதனின் மூதாதை நிமிர்ந்து நடந்தான், அதுவும் ஆபிரிக்காவிலே நடந்தான் என்பது இதன் பொருள். டார்ட் அதனை 'ஒஸ்திரலோபிதிக்கஸ் ஆபிரிக்கானஸ்', அஃதாவது ஆபிரிக்காவின் தெற்கத்திக் குரங்கு, என அழைத்தார். இலண்டனின் பெரியோர் முகஞ் சுளித்தனர். இலத்தீனையும் கிரேக்கத்தையும் கலந்து பெயரிட்டது இலக்கண வழு என்றுகூடக் குறை கண்டனர். அவர்களுள் முதன்மையான ஆர்தர் கீத் தமது தவற்றை ஒப்புக்கொள்ள 1947ஆம் ஆண்டுவரை காலம் சென்றது.

1953ஆம் ஆண்டு நவம்பரில் பில்ட்டவுன் எலும்புகள் பொய் என்பது வெளியாயிற்று. தாடை ஒராங்குட்டான் குரங்கினுடையது. பற்கள் அரத்தால் அராவப்பட்டவை. பழமை தோன்றச் சாயம் ஏற்றப்பட்டவை. பொய்யை நாற்பத்தொரு ஆண்டுகள் போற்றிய அறிவுலகம் மெய்யை இருபது ஆண்டுகளுக்கு மேல் வாசலில் நிறுத்திவைத்தது. அறிஞர்கள் மூடர்கள் என்பதா இதன் காரணம்? அல்ல. அவர்கள் காண விரும்பியதைப் பில்ட்டவுன் காட்டிற்று. காண விரும்பாததைத் தவுங் காட்டிற்று. ஆளுகின்ற வர்க்கத்தின் விருப்பம் அறிவின் கண்ணை எவ்வாறு மறைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

றொடீசியா மனிதனும் இதற்குத் தப்பவில்லை. 1928இல் அதே அரும்பொருட்சாலையைச் சேர்ந்த பைகிராவ்ற் என்பவர் இடுப்பெலும்புத் துண்டுகளைப் பிழையாகப் பொருத்தி, இவன் முழங்கால் மடிந்து கூனி நடந்தவன் என முடிவு செய்தார். 'கூன் மனிதன்' எனப் பொருள்படும் ஒரு புதிய சாதியையே அவனுக்காகப் படைத்தார். எலும்புகளைச் சரியாகப் பொருத்தியபோது கூன் மறைந்தது; அவன் நம்மைப்போல நிமிர்ந்து நடந்தவனே.

கோடு எங்கே?

ஓர் இனம் எங்கே முடிகிறது, இன்னோர் இனம் எங்கே தொடங்குகிறது? உயிர்கள் ஆற்றொழுக்காகக் கூர்ப்படைந்து வருகின்றன. கோட்டை இடுபவன் மனிதன். ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு புதிய பெயர் என்ற நிலை முற்றியபோது, 1950இல் எர்ன்ஸ்ட் மாயர் என்னும் உயிரியலறிஞர் அவை அனைத்தையும் ஹோமோ என்னும் ஒரே சாதியில் மூன்றே இனங்களாக அடக்கலாம் என்றார். அது மிகையான சுருக்கமாயிற்று. 1964இல் லூயி லீக்கியும் தோழர்களும் தன்சானியாவின் ஒல்டுவாய்ப் பள்ளத்தாக்கிற் கிடைத்த எலும்புகளுக்கு 'ஹோமோ ஹபிலிஸ்', அஃதாவது கைத்திறன் மனிதன், எனப் பெயரிட்டனர். ஹோமோ எனப்படுவதற்கு மூளை 750 கன சென்ரிமீற்றராவது இருத்தல் வேண்டும் என்ற பழைய எல்லையை அவர்கள் 600க்குக் குறைத்தனர். எலும்பு மாறவில்லை, எல்லைதான் மாறியது.

அண்மைக் காலத்து ஆராய்ச்சிகள் கோடுகளை மேலும் மங்கச் செய்துள்ளன. நியண்டர்தால் மனிதரின் மரபணுக்களில் ஒரு சிறு பங்கு இன்று ஆபிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களிடம் உள்ளமை 2010இல் நிறுவப்பட்டது. வேற்றினம் என்று கருதப்பட்டோர் நம் முன்னோருடன் கூடி வாழ்ந்து பிள்ளைகளைப் பெற்றனர். அதே ஆண்டு, சைபீரியாவின் டெனிசோவாக் குகையிற் கிடைத்த ஒரு விரலெலும்பின் மரபணுவைக்கொண்டு இன்னொரு மனிதக் குழு அறியப்பட்டது. அதற்கு முறையான விஞ்ஞானப் பெயரே இருக்கவில்லை. சீனாவின் ஹார்பின் நகரத்து மண்டையோடு ஒன்றுக்கு 2021இல் 'ஹோமோ லோங்கி' எனப் பெயரிட்டனர். யப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் ஒரு தொழிலாளி அதனைக் கிணற்றுள் ஒளித்துக் காத்தார் என்று கூறப்படுகிறது. 2025இல் அம்மண்டையோடு டெனிசோவாக் குழுவினருடையதே என மரபணுவும் புரதமும் சான்று பகர்ந்தன.

றொடீசியா மனிதனின் வயதும் நெடுங்காலம் தெரியாதிருந்தது. அவன் கிடந்த குன்று முழுவதையும் உலோகத்துக்காக வெட்டித் தீர்த்துவிட்டனர். படைகளைப் பார்த்துக் காலங் கணிக்க இடமே எஞ்சவில்லை. 2020இல் எலும்பையே அளந்து ஏறக்குறைய 299,000 ஆண்டுகள் எனக் கண்டனர். மொரோக்கோவின் யெபெல் இர்ஹூட் என்னும் இடத்திலே நமது இனத்தை ஒத்த மனிதர் வாழ்ந்த காலமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே அவன் நமது நேர்ப் பாட்டனாக இல்லாமல், நம் முன்னோரோடு ஒரே கண்டத்தில் ஒரே காலத்தில் வாழ்ந்த பங்காளியாக இருந்திருத்தல் கூடும்.

பெயரை மாற்றலாமா?

1964இல் வட றொடீசியா சுதந்திரம் பெற்றுச் சாம்பியா ஆயிற்று. புறோக்கன் ஹில் கப்வே எனத் தன் பெயரைப் பெற்றது. றோட்சின் பெயர் நாட்டை விட்டு அகன்றது. எலும்பை விட்டு அகலவில்லை. முந்துரிமை விதி அதற்குக் காவலாக நிற்கின்றது.

2021இல் ஆராய்ச்சியாளர் சிலர், எதியோப்பியாவின் போடோ என்னும் இடத்தில் 1976இற் கிடைத்த மண்டையோட்டை மாதிரியாகக் கொண்டு 'ஹோமோ போடோஎன்சிஸ்' என்னும் பெயரை முன்மொழிந்தனர். ஏகாதிபத்தியத்தின் கறை படிந்த பெயர் ஒழிதல் வேண்டும் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. எதிர்த்தோர் விதியைக் காட்டினர்: இரண்டும் ஓரினமாயின் முந்திய பெயரே செல்லும்; பெயர் பிடிக்கவில்லை என்பது விதியில் ஒரு காரணமன்று. விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச ஆணைக்குழுவும் 2023இல், பெயர்களின் ஒழுக்கநெறியைத் தீர்ப்பது தனது பணியன்று, பெயர்களின் நிலைபேறே முக்கியம் என்னும் நிலையையே எடுத்தது. இவ்விதியின் நிழலிலேதான் சுலோவேனியக் குகையில் வாழும் ஒரு குருட்டு வண்டு, 1937இல் தனக்கு இடப்பட்ட ஹிட்லரின் பெயரை இன்றும் சுமந்து திரிகிறது.

நிலைபேறு வேண்டும் என்ற வாதத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. பெயர்கள் ஆட்சிக்கு ஆட்சி மாறினால் அறிவு சிதறும். ஆனால் விதி வானத்திலிருந்து இறங்கியதன்று. மனிதர் கூடி வகுத்தது. மனிதர் கூடித் திருத்தவும் கூடியது. இதற்குச் சான்று உண்டு. 2024ஆம் ஆண்டு யூலை மாதம் மத்ரித் நகரிற் கூடிய தாவரவியலறிஞர், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லினின்றும் பிறந்த இருநூறுக்கு மேற்பட்ட தாவரப் பெயர்களைத் திருத்த வாக்களித்தனர். ஓர் எழுத்து நீங்கியதும் இழிசொல் மறைந்து ஆபிரிக்காவைக் குறிக்கும் சொல்லாயிற்று. மரங்கள் வாடவில்லை, விஞ்ஞானமும் கவிழவில்லை.

புதிதாக இடப்படும் பெயர்களிலும் மாற்றம் தெரிகின்றது. எதியோப்பியாவின் 'ஆர்டிபிதிக்கஸ் ராமிடஸ்' என்னும் பெயரில் நிலம், வேர் என்னும் அபார் மொழிச் சொற்கள் உள்ளன. 2015இற் பெயரிடப்பட்ட 'ஹோமோ நலெடி'யில் நட்சத்திரம் என்னும் சோத்தோ மொழிச் சொல் ஒளிர்கின்றது. 1984இல் கென்யாவில் துர்க்கானாச் சிறுவனின் எலும்புக்கூட்டை முதலிற் கண்ட கமோயா கிமேயுவின் பெயரால் ஒரு புராதனக் குரங்குச் சாதியே வழங்குகின்றது. கப்வேத் தொழிலாளி இழந்ததில் ஒரு பங்கை அவரது தோழர்கள் பெறத் தொடங்கியுள்ளனர்.

எனினும் பெயரோடு கணக்குத் தீர்ந்துவிடாது. மண்டையோட்டைத் திருப்பித் தருமாறு சாம்பியா பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது; அது இன்னும் இலண்டனிலேயே இருக்கிறது. சுரங்கம் 1994இல் மூடப்பட்டது. ஆனால் அதன் ஈயத் தூசி கப்வேயின் மண்ணை விட்டு அகலவில்லை. அவ்வூர்க் குழந்தைகளின் இரத்தத்தில் இன்றும் ஈயம் கலந்திருக்கிறது. உலோகம் கம்பனிக்குப் போயிற்று. மூதாதை அரும்பொருட்சாலைக்குப் போனான். நஞ்சு மட்டும் குழந்தைகளுக்கு எஞ்சியது. ஹோமோ றொடீசியென்சிஸ் என்னும் பெயரை உச்சரிக்கும்போது இம்மூன்றையும் சேர்த்தே உச்சரித்தல் வேண்டும்.

நமக்குரிய பாடம்

இது தூரதேசத்துக் கதை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. இலங்கையின் குகைகளிலும் ஆதி மனிதர் எலும்புகள் கிடைத்துள்ளன. தேசிய அரும்பொருட்சாலைகளின் பணிப்பாளராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல அவர்களை 'ஹோமோ சேப்பியன்ஸ் பலாங்கொடென்சிஸ்' என ஓர் உப இனமாக வகைப்படுத்தினார். பலாங்கொடை மனிதன் என்ற பெயர் அதனின்றும் வழக்கிற்கு வந்தது. களுத்துறை மாவட்டத்துப் பாஹியங்கலக் குகையிலே ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்து, மழைக்காட்டிற் குரங்குகளை வேட்டையாடி, எலும்பினால் அம்புமுனை செய்தனர். இன்று அவர்களைத் தனி உப இனமாகக் கொள்ள வேண்டிய தேவை காணப்படவில்லை. அவர்கள் நம்மை ஒத்த மனிதரே.

அவர்கள் சிங்களரும் அல்லர், தமிழரும் அல்லர். அம்மொழிகள் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முந்தியவர்கள். இந்நாட்டின் முதல் உரிமை யாருக்கு என்று வழக்காடுவோர் அவ்வெலும்புகளைத் தத்தம் கட்சிக்குச் சாட்சியாக அழைப்பாராயின், பில்ட்டவுனிலே நடந்த பிழையையே அவர்கள் வேறு வடிவிற் செய்பவராவர். எலும்பு எந்த இனத்துக்கும் உறுதி எழுதிக் கொடுக்கவில்லை.

உயிரியல் நமக்குக் காட்டுவது இதுதான்: இன்று பூமியில் வாழும் மனிதர் அனைவரும் ஆபிரிக்காவில் வேரூன்றிய ஒரே இனத்தினர். அறிஞர்கள் வகுத்த படிகளில் நாம் யாவரும் ஒரே வருணம், ஒரே சாதி, ஒரே இனம். பாடசாலையில் அந்த மூன்று சொற்களையும் மனனஞ் செய்யும் நமது பிள்ளை, வெளியே வந்து கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் அதே சொற்களை வேறு பொருளிற் கேட்கிறது. அவ்விரு பொருள்களுள் எது உண்மை என்று அப்பிள்ளை கேட்கும் நாளில், மூன்று இலட்சம் ஆண்டுப் பழைய சான்றோடு விடைகூற நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.